ரிக்கோர்தி காப்பகம்: ஏட்டைக் காத்தவர்களின் வரலாறு

இத்தாலிய ஓபராவின் நினைவுப் பெட்டகமான இக்காப்பகத்தின் கதை ஓர் எளிய படியெடுப்பாளரிடம் தொடங்குகிறது. மிலான் நகரில் வயலின் வாசித்தும், பிறர் இயற்றிய இசையைப் படியெடுத்துக் கொடுத்தும் வாழ்ந்தவர் ஜொவான்னி ரிக்கோர்தி. 1807இல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்று, இசையைத் தகட்டில் செதுக்கி அச்சிடும் தொழிலைக் கற்றுத் திரும்பினார். 1808இல் சொந்தப் பதிப்பகம் கண்டார்.

1814இல் லா ஸ்காலா அரங்கின் படியெடுப்பாளரானது பெரும் திருப்பம். அந்நாளில் ஓபராவின் முழு இசைப்படி அச்சாவது அரிது. ஊர்தோறும் அரங்குகள் கைப்பிரதியை வாடகைக்கு வாங்கியே ஆட்டத்தை நடத்தின. மூல ஏடு எவரிடமோ, வாடகையும் அவருக்கே. அதை முன்னுணர்ந்த ஜொவான்னி 1825இல் லா ஸ்காலாவின் இசைச் சேமிப்பையே விலைக்கு வாங்கினார். காப்பகத்தின் வித்து அதுவே.

1839இல் இளைஞர் வெர்தியின் முதல் ஓபரா இந்த இல்லத்துக்கு வந்தது. 1853இல் ஜொவான்னி மறைய, மகன் தித்தோ பொறுப்பேற்றார். 1888இல் போட்டிப் பதிப்பகமான லூக்காவும் இதனுடன் இணைந்தது.

பேரன் ஜூலியோவின் காலத்தைப் பொற்காலம் என்றே சொல்ல வேண்டும். 'ஐதா'வுக்குப் பின் ஓய்வை நாடிய வெர்தியைப் பல்லாண்டு பொறுமையுடன் இணங்க வைத்து, 'ஒதெல்லோ'வையும் (1887) 'ஃபால்ஸ்டாஃப்'பையும் (1893) உலகுக்குப் பெற்றுத் தந்தவர் அவர். 1889இல் இசையமைப்பாளர் புச்சீனியின் 'எட்கார்' ஓபரா தோற்றபோது, அவருக்கு அளித்துவந்த உதவித்தொகையை நிறுத்தச் சொன்ன பங்காளிகளை எதிர்த்து நின்றவரும் அவரே. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1896இல் அரங்கேறிய 'லா போயெம்' மூலப்படியில், நாயகி மீமி உயிர்விடும் இடத்தில் புச்சீனி தம் கையால் ஒரு மண்டையோடும் குறுக்கெலும்புகளும் வரைந்திருக்கிறார். நாயகியைப் பறிகொடுத்த துயரம் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

1943 ஆகஸ்ட் மாதக் குண்டுவீச்சில் நிறுவனத்தின் கட்டடங்கள் அழிந்தன. மூலப்படிகளோ முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் தப்பின. அன்று அவற்றைக் கட்டிச் சுமந்த கைகளுக்கு இசையுலகம் என்றும் கடமைப்பட்டது.

1994இல் நிறுவனம் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மான் குழுமத்திடம் சென்றது. 2003இல் காப்பகம் மிலானின் பிரேரா மாளிகையிலுள்ள பிரைதென்சே நூலகத்தில் குடியேறியது. 2006இல் இசைப்பதிப்புத் தொழிலை விற்றபோதும் பெர்டெல்ஸ்மான் காப்பகத்தைக் கைவிடவில்லை. இன்று ஏறத்தாழ 7,800 இசைப்படிகள், சுமார் 10,000 ஓபரா உரைநூல்கள், கடிதங்கள், மேடை ஓவியங்கள், ஆடை வரைபடங்கள் எல்லாம் அங்கே ஒரே கூரையின்கீழ் உள்ளன. வெர்தியின் 28 ஓபராக்களில் 23இன் கையெழுத்து மூலங்களும் அவற்றுள் அடக்கம்.