லண்டன் அரங்கில் திப்பு சுல்தான்

லண்டனில் ஆக்கர்மன் என்னும் பதிப்பாளர் 1808 முதல் 1810 வரை வெளியிட்ட ‘மைக்ரோகாஸம் ஆஃப் லண்டன்’ என்னும் நூலில் 104 வண்ணப் படங்கள் உள்ளன. கட்டடங்களைப் பியூஜினும் மனித உருவங்களை ரோலண்ட்ஸனும் வரைந்தனர். அவற்றுள் ஒன்று ஆஸ்ட்லி அரங்கு. வட்டமான களத்தில் குதிரைச் சாகசம் நடக்க, அடுக்கடுக்கான மாடங்களில் மக்கள் நெருங்கியமர்ந்து காண்கின்றனர். களத்தையடுத்து நாடக மேடை. பார்ப்பதற்கு இனிய படந்தான். ஆயினும் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைப் பயிலும் நாம் அதனை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

அவ்வரங்கை நிறுவிய பிலிப் ஆஸ்ட்லி முன்னாள் குதிரைப்படை வீரர். 1768இல் குதிரை வித்தை காட்டத் தொடங்கியவர், பின்னர் அண்மைப் போர்களையே காட்சிகளாக்கினார். 1791இல் நிகழ்ந்த பெங்களூர் முற்றுகை மறு ஆண்டே அங்கு மேடையேறியது. 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் ஷஹீதான செய்தி கடல் கடந்து சென்றதும், அவ்வாண்டிலேயே ஸ்ரீரங்கப்பட்டண வீழ்ச்சியும் காட்சியாயிற்று. படத்திலுள்ள கட்டடம் இவ்விரண்டையும் கண்டதன்று. 1794, 1803 ஆகிய ஆண்டுகளின் தீவிபத்துகளுக்குப் பின் 1804இல் திறக்கப்பட்டது அது. களமும் மேடையும் இணைந்த அமைப்பே அதன் சிறப்பு. குதிரைகள் பாயவும் வெடிமருந்து புகையவும் அதில் இடமிருந்தது. மைசூர்ச் சுல்தானின் நியாயத்தை எடுத்துரைக்க இடமிருந்ததா என்பதே நம் வினா. திப்புவைக் கொடுங்கோலனாகக் காட்டுவதே அன்றைய லண்டன் மேடையின் வழக்கம்.

அதே 1792இல் நம் மண்ணில் நடந்ததென்ன? மார்ச் மாதத்தில் உறுதியான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தரவும் இசைந்தார். பிணையாக அவருடைய மைந்தர் அப்துல் காலிக்கும் முயிஸ்ஸுத்தீனும் ஒப்படைக்கப்பட்டனர். சிறுவர் இருவரும் கார்ன்வாலிஸிடம் சேர்க்கப்பட்ட காட்சியை, இந்தியாவில் கால் வைத்திராத மேதர் பிரவுன் போன்ற ஓவியர்களும் வரைந்து புகழ் தேடினர். தந்தையைப் பிரிந்த பிள்ளைகளின் துயரம் ஆங்கிலேயரின் பெருந்தன்மைக்குச் சான்றாகிவிட்ட விந்தையை என்னென்பது! 1794இல்தான் அவர்கள் திரும்பினர்.

பாராமகாலும், அதன் தெற்கே மலைகளுக்குக் கீழுள்ள சேலம், சங்ககிரி, நாமக்கல் பகுதிகளும் அவ்வுடன்படிக்கையால் கும்பினியின் கைக்குப் போயின. 1768இல் ஆங்கிலேயர் பிடித்த நாமக்கல் கோட்டையைச் சில மாதங்களிலேயே ஹைதர் அலீ மீட்டிருந்தார், இம்முறை மீட்பில்லை. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் மன்ரோ, மக்லியோட், கிரஹாம் ஆகியோர் நிலத்தை அளந்து வரி விதித்தனர். தென்பகுதி மக்லியோடின் பொறுப்பு. பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறையின் முதற் சோதனைக் களங்களுள் இச்சமவெளியும் ஒன்றானது இவ்வாறுதான்.

ஆஸ்ட்லி மேடையில் பெங்களூர் உண்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் உண்டு. கைமாறிய ஊர்களின் உழவருக்கோ, திப்புவின் படையிலிருந்து பிழைப்பிழந்தோருக்கோ அங்கு வேடமேதும் இல்லை. அவர்களைக் காண விழைவோர் ரீட் காலத்துப் பாராமகால் ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும். அவையும் வசூலித்தவர் எழுதியவையே. அரங்கு 1893இல் இடிக்கப்பட்டது. நாமக்கல் பாறைமேல் கோட்டைச் சுவர் இன்றும் நிற்கிறது.