தோமையார் கோயிலும் ஓர் அரபுச் சொல்லும்

சென்னை மயிலாப்பூர்க் கடற்கரையில் வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கும் சாந்தோம் தேவாலயம் 1896ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அங்கே நின்றது போர்த்துக்கேயர் கட்டிய கோயில். நான் சொல்ல வந்தது இவ்விரண்டையும் பற்றியல்ல. போர்த்துக்கேயர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, தோமையாரின் அடக்கத்தலம் என்று அங்கிருந்த சின்னஞ்சிறு கோயிலைப் பற்றி.

1291ல் சீனாவுக்குப் புறப்பட்ட கத்தோலிக்கத் துறவி மொன்டேகோர்வினோ யோவான், வழியில் இந்தியாவில் பதின்மூன்று மாதங்கள் தங்கினார். சுமார் நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கூட வந்த நிக்கொலாஸ் என்ற துறவி இறந்துபோகவே, அவரை இந்தக் கோயிலிலேயே அடக்கினார்கள்.

அதே காலத்தில் இக்கரைகளைக் கடந்து சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவின் நூல் இன்னும் விரிவாகப் பேசுகிறது. கோயிலைப் பராமரித்த கிறிஸ்தவர்களுக்குத் தென்னந்தோப்புத்தான் சீவனோபாயம். மரத்துக்கு இவ்வளவென்று அரசனுக்கு வரியும் கட்டினார்கள். தென்னையை நம்பி வாழும் எங்கள் பாலமுனையாருக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

1288ஆம் ஆண்டளவில் நடந்ததாக அவர் ஒரு கதையும் சொல்கிறார். அவ்வூர்ப் பிரபு ஒருவன் தன் அரிசியையெல்லாம் கோயில் வீடுகளில் கொண்டுவந்து நிரப்பிவிட்டான். யாத்திரீகர்களுக்குத் தலைசாய்க்க இடமில்லை. எவ்வளவு கெஞ்சியும் அவன் அசையவில்லை. ஒருநாள் இரவு தோமையாரே தோன்றிக் கவைக்கோலை அவன் தொண்டையில் வைத்தாராம். விடிந்ததும் வீடுகள் காலியாகின. நம்முடைய போடிமாரின் கனவில் இப்படி யாரும் வருவதாகத் தெரியவில்லை!

நேயர்களே, என்னை நிறுத்தி வைத்தது இக்கதையல்ல. அந்த அடக்கத்தலத்துக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி முஸ்லிம்களும் யாத்திரை போனார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. அவர்கள் தோமையாரைத் தம்மவர் என்றே கொண்டாடி, 'அவாரியன்' என்று அழைத்தார்களாம். அதற்குப் 'புனிதர்' என்று பொருள் என எழுதிச் சென்றார். 1871ல் அந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஹென்றி யூல், இது 'ஹவாரி' என்ற அரபுச் சொல்லே என்று இனங்கண்டார்.

ஹவாரிய்யூன்! ஈசா நபி (அலை) அவர்களின் சீடர்களைத் திருக்குர்ஆன் அழைக்கும் பெயரல்லவா அது? ஆலஇம்ரானிலும் ஸப்பு அத்தியாயத்திலும் நாம் ஓதி வருவது. ஆக, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூருக்கு வந்த முஸ்லிம்கள் அங்கே அடங்கியிருப்பவர் யாரென்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். அவரைக் குறிக்கச் சொல்லைத் தேடி அலையவுமில்லை. தங்கள் வேதத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டு மலையொன்றும் அதே நூலில் வருகிறது. முஸ்லிம்கள் அங்கே ஆதமின் கப்றைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் சாக்கியமுனியின் நினைவிடம் என்கிறார்கள் என்று இரு தரப்பையும் எழுதியிருக்கிறார். பாவா ஆதம் மலையென்று நாம் சொல்வது அதைத்தான்.