நார்மண்டிப் பள்ளிகள் கண்ட சோதனை

பொதுத்தேர்வு முடிவு வெளிவந்த மறுநாளே நம் பகுதிப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைச் சுட்டி, "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று பேசுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு விடையிறுக்க விழையும் நம் இளைஞர், அமெரிக்க நாட்டு மிசோரி மாநிலத்தில் நார்மண்டி என்னும் சிறு பள்ளி மாவட்டம் பட்ட பாட்டை அறிந்திருத்தல் நலம். அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டிலேயே கறுப்பின மக்களின் அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் என்பதை ஈண்டு நினைவூட்டுகிறோம்.

மிசோரி மாநிலம் 1847ஆம் ஆண்டில் கறுப்பருக்கு எழுத்தறிவித்தலைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிற்று. செயிண்ட் லூயிஸ் நகரில் மீச்சம் என்னும் கறுப்பினப் போதகர், மாநிலச் சட்டம் எட்டாத மிசிசிப்பி ஆற்றின் நடுவே, நீராவிக் கப்பலில் பள்ளி நடத்தினார் என்பர். கரையில் இடமில்லாதபோது நீரில் இடம் தேடிய அம்முயற்சியை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அந்நகரை அடுத்ததே நார்மண்டி. அமெரிக்காவில் பள்ளிகளின் வருவாயில் பெரும்பங்கு அவ்வப் பகுதியின் வீடு, நிலங்களின் மீதான வரியிலிருந்து கிடைப்பது. வெள்ளையர் குடிபெயர்ந்தனர், வீடுகளின் மதிப்பு வீழ்ந்தது, பள்ளியின் வருவாயும் தேய்ந்தது. 2010ஆம் ஆண்டில் அரசு, வறுமையுற்ற வெல்ஸ்டன் மாவட்டத்தைக் கலைத்து, அதன் பிள்ளைகளையும் நார்மண்டியின் தலையிலேயே சுமத்திற்று. செல்வம் மிக்க கிளேட்டன் மாவட்டம் அருகிலேயே இருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

தேர்வு முடிவுகள் குறைந்தன என்று 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நார்மண்டி அங்கீகாரத்தை இழந்தது. அத்தகைய மாவட்டத்துப் பிள்ளைகள் வேறு மாவட்டத்தில் சேரலாம், செலவைப் பழைய மாவட்டமே ஏற்க வேண்டும் என்னும் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் உறுதி செய்தது. ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள், அதாவது நால்வரில் ஒருவர், வெளியேறினர். அவர்களுக்குக் கட்டணம் செலுத்தியே நார்மண்டியின் கருவூலம் வறண்டது. பள்ளியாண்டின் நடுவே ஒரு தொடக்கப் பள்ளியை மூடவும், நூற்றுக்கு மேற்பட்ட ஊழியரை நீக்கவும் நேர்ந்தது. நோயாளியின் குருதியை எடுத்தே மருந்துக்கு விலை கொடுத்த கதை இது.

சென்றோர்க்கேனும் வரவேற்பு இருந்ததா? மிசோரி ஆற்றுக்கு அப்பால், வெள்ளையர் பெரும்பான்மையான பிரான்சிஸ் ஹோவெல் மாவட்டத்தில் அவ்வாண்டு ஜூலையில் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. ஆயிரக்கணக்கில் திரண்டவர்களுள் பலர், ஆயுதம் கண்டறியும் கருவி வைப்பீர்களா, எங்கள் பள்ளியின் மதிப்பெண் குறையாதா என்று வினவினர். நார்மண்டியிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் அவ்வரங்கில் அமர்ந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தனர். தீண்டாமை என்னும் சொல் அங்கே வழங்கவில்லை. ஆயினும் அதன் குரல் நமக்குப் புதிதன்று. இத்தனைக்கும் பின்னர் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பேருந்தேறி அப்பள்ளிகளுக்குச் சென்றனர். அவர்களையா படிப்பில் நாட்டமில்லாதவர் என்பது?

2014 ஜூலையில் மாநில அரசு நார்மண்டியைத் தன் பொறுப்பில் எடுத்துப் பெயரையும் மாற்றிற்று. ஆசிரியர் அனைவரும் தத்தம் பணிக்கே மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. பெயர் மாறியதால் பழைய இழுக்கும் நீங்கிற்று, ஆகவே வெளியே பயிலும் உரிமை இனி இல்லை என்பது அரசின் வாதம். 2015 பிப்ரவரியில் நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. பள்ளியிடம் கணக்குக் கேட்டவர் தம் கணக்கை மறைக்க முயன்றனர் என்றே நாம் கருதுகிறோம். 2017 டிசம்பரில்தான் தற்காலிக அங்கீகாரம் மீண்டது.

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றையும் கூறல் வேண்டும். 2014 ஆகஸ்டுத் தொடக்கத்தில் நார்மண்டி உயர்நிலைப் பள்ளியின் படிப்பை முடித்த 18 வயது இளைஞர் மைக்கேல் பிரவுன், அம்மாதம் 9ஆம் நாள் அருகிலுள்ள பெர்குசன் நகரில் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் மகனைப் பள்ளியில் நிலைக்கச் செய்து படிப்பை முடிக்க வைக்கத் தான் எத்துணைப் பாடுபட்டேன் என்பதையே அவ்விளைஞரின் தாய் அன்று தெருவில் நின்று கதறிச் சொன்னார்.