வீடு தேடிச் சென்ற தாதியர்

மருந்தியலை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிசெய்வோனையும் ஒரு கூறாக வைத்து எண்ணினார். ஐரோப்பாவின் பெருநகரங்கள் இந்த நான்காவது கூற்றை நெடுங்காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரைப் பயிற்றுவதற்குக் கலாசாலைகள் இருந்தன; நோயாளரைக் கிடத்துவதற்குப் பெருங் கட்டடங்களும் எழுந்தன. ஆனால், அக்கட்டடங்களில் இரவு முழுவதும் விழித்திருப்பவர் யார், அவருக்குத் தெரிந்த தொழில் யாது என்று வினாவியவர் மிகச் சிலரே. கட்டடத்துக்கு வெளியே, ஏழையின் குடிலிற் கிடந்த நோயாளியைப் பற்றியோ அந்த வினாவும் எழவில்லை.

இங்கிலாந்தில் அவ்வினாவைத் தொடுத்து, அதற்கு விடையும் தேடியவர்களுள் ஒருவர் வைத்தியரல்லர். இலிவர்ப்பூல் துறைமுகத்தின் வணிகர். வில்லியம் றாத்போன் என்பது அவர் பெயர். 1819 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், கப்பலும் பஞ்சும் தானியமுமாகப் பல தலைமுறை வாணிகம் நடத்திய குடும்பத்தின் வாரிசு. அக்குடும்பத்தார் செல்வத்தோடு அறச்செயலிலும் பேர் பெற்றவர். றாத்போன் இளமையிலேயே நகரின் ஏழைப் பகுதிகளுக்குச் சென்று வீடுவீடாக விசாரித்து உதவிபுரியும் சங்கமொன்றிற் பணியாற்றிப் பழகியவர். ஒரு நகரை வட்டாரங்களாகப் பிரித்து நோக்கும் வழக்கம் அவருக்கு அங்கேதான் கைவந்தது.

அந்நாளைய இலிவர்ப்பூல் எத்தகைய நகர் என்பதையும் அறிதல் வேண்டும். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் தலைவிரித்தாடிய 1847 ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய மூன்று இலட்சம் அயர்லாந்து மக்கள் அத்துறைமுகத்தில் வந்திறங்கினர். பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். கப்பற் கூலிக்கு வழியற்றோர் நிலவறைகளிலும் காற்றுப் புகாத முடுக்குகளிலும் தங்கிவிட்டனர். பேன்களாற் பரவும் தைபஸ் சுரம் அவர்களிடையே காட்டுத்தீயெனப் பரவியது. அந்நிலையிலேதான் அந்நகரம் சுகாதார வைத்திய அதிகாரியாக டாக்டர் டங்கன் என்பவரை நியமித்தது. இங்கிலாந்தில் அத்தகைய பதவி ஏற்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை.

1859 ஆம் ஆண்டில் றாத்போனின் மனைவியார் நோயுற்று மாண்டார். அவரைக் கடைசிவரை பராமரித்தவர் மேரி றொபின்சன் என்னும் தாதி. வேண்டியதெல்லாம் வாங்கக்கூடிய வீட்டிலேயே ஒரு தேர்ந்த தாதியின் கை இத்துணை ஆறுதல் அளிக்குமாயின், ஒன்றுமில்லாத வீட்டில் அது எத்துணை வேண்டப்படும் என்று றாத்போன் சிந்தித்தார். துயரத்திற் பிறக்கும் எண்ணங்கள் பல, துயரம் ஆறியதும் மறைந்துவிடுவன. இவர் அப்படி விட்டுவிடவில்லை. மேரி றொபின்சனை மூன்று மாதத்துக்கு வேதனம் கொடுத்து அமர்த்தி, நகரின் ஏழை வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பேணுமாறு அனுப்பினார்.

ஒரு மாதம் கழிந்ததும் அப்பெண்மணி கண்ணீரோடு திரும்பி வந்தார். தாம் கண்ட அவலத்தைத் தாங்க இயலவில்லை என்றும், தம்மை விடுவிக்க வேண்டும் என்றும் வேண்டினார். றாத்போன் அவரைத் தேற்றி, குறித்த மூன்று மாதத்தையாவது நிறைவேற்றுமாறு கேட்டுக்கொண்டார். தவணை முடிந்தபோது மேரி றொபின்சனின் மனநிலை முற்றாக மாறியிருந்தது. நம்பிக்கையற்றோரெனக் கைவிடப்பட்ட சிலர் எழுந்து நடமாடினர். தாய் குணமடைந்தமையாற் குடும்பங்கள் சிதையாது நின்றன. இப்பணியை விட்டுத் தாம் வேறு தொழிலுக்குச் செல்ல விரும்பவில்லை என்று அவர் கூறினார்.

இத்துணைக்கும் செலவு ஒரு தாதியின் வேதனமும், சிறிது உணவும், இரவலாகக் கொடுத்த படுக்கைத் துணியுந்தான். ஒரே தாதி ஒரு நாளிற் பல வீடுகளுக்குச் செல்லலாம். காயம் கட்டுவதையும் அறையைத் துப்புரவாக வைப்பதையும் வீட்டாருக்குப் பழக்கலாம். ஒரு குடும்பம் முழுவதும் ஏழையர் விடுதியிற் சென்று சேர்வதைத் தடுக்கலாம். கணக்குப் புத்தகத்தோடு வளர்ந்த வணிகருக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கியது. எனவே ஒருவர் செய்ததைப் பலர் செய்யும்படி விரிவுபடுத்த முனைந்தார். அங்கேதான் அவருடைய திட்டம் தடைப்பட்டு நின்றது.

பணம் இருந்தது, பணிக்கமர்த்தத் தாதியர் இல்லை. இலிவர்ப்பூலிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. தாதி எனப் பெயர் பூண்டு திரிந்தோர் பலர். பயிற்சி பெற்றோரை விரல்விட்டு எண்ணலாம். ஏழைகளுக்கு உதவும் செல்வர் பலர் இவ்விடத்தில், கிடைத்தவர்களை அமர்த்திக்கொண்டு திருப்தியுற்றிருப்பர். றாத்போன் பொறுத்திருந்து, புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார்.

கிரைமியப் போரிலிருந்து மீண்ட நைற்றிங்கேல் அப்போது பெரும்பாலும் நோய்ப்படுக்கையிலே கிடந்தார். கையில் விளக்கேந்திய மாதென உலகம் போற்றும் அவர், தம் வாழ்வின் பெரும்பகுதியைக் காகிதங்களுக்கும் புள்ளிவிபரங்களுக்கும் நடுவிலே கழித்தவர் என்பதைப் பலர் அறியார். பொதுமக்கள் அவர்பொருட்டுத் திரட்டிய நிதியிலிருந்து இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் 1860 ஆம் ஆண்டிலே தாதியர் பயிற்சிச்சாலை ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வெளிவரவிருந்த சிலரும் பிற வைத்தியசாலைகளுக்கு வேண்டப்பட்டவர்கள். ஆகவே, ஆள் அனுப்ப அவரால் இயலவில்லை. இலிவர்ப்பூல் தனக்கு வேண்டிய தாதியரைத் தானே பயிற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் தந்த ஆலோசனை.

றாத்போன் அதனை அப்படியே ஏற்றார். இலிவர்ப்பூல் அரச வைத்தியசாலையின் நிர்வாகிகளை அணுகி, தம் செலவிற் கட்டடம் எழுப்பித் தருவதாக வாக்களித்தார். 1862 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பயிற்சிச்சாலையின் நோக்கங்கள் மூன்று. வைத்தியசாலைக்குத் தாதியரை அளித்தல் ஒன்று. ஏழைகளின் வீடுகளுக்கு வட்டாரத் தாதியரை அனுப்புதல் மற்றொன்று. வசதியுள்ள குடும்பங்களுக்கு வேண்டும்போது தாதியரை உதவுதல் மூன்றாவது. ஒரே பள்ளி மூன்று தேவைகளுக்கும் ஊற்றாக அமைந்தது.

பயிற்சி பெற்றோர் வெளிவர வெளிவர, நகர் பதினெட்டு வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு தாதி நியமிக்கப்பட்டார். அவ்வட்டாரத்துப் பெருமாட்டி ஒருவர் மேற்பார்வையாளராக நின்று உணவு, துணி, செலவு ஆகியவற்றைக் கவனித்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனிப் பெண் அழுதுகொண்டு திரும்பிய தெருக்களில், 1866 ஆம் ஆண்டளவில் ஒழுங்கான சேவை நடைபெற்றது.

ஆயினும் நோயாளருள் மிக வறியோர் வீடுகளிலும் இருந்தாரல்லர். பிறவுன்லோ மேட்டில் இருந்த ஏழையர் விடுதியின் நோயகத்தில் ஏறக்குறைய 1,200 பேர் கிடந்தனர். அவர்களைப் பேணியவர் அதே விடுதியிற் புகலடைந்த வறிய பெண்கள். எழுத்தறியாத, குடிப்பழக்கம் மிக்க பலர் அவர்களுள் இருந்தனர். 1864 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் றாத்போன் மீண்டும் நைற்றிங்கேலுக்கு எழுதினார்; மூன்று ஆண்டுக்கான செலவைத் தாமே ஏற்பதாக விடுதியின் நிர்வாக சபைக்கும் உறுதி கூறினார்.

அடுத்த ஆண்டு பன்னிரண்டு தாதியரோடு அங்கு சென்றவர் ஆக்னஸ் ஜோன்ஸ். வட அயர்லாந்துக் குடும்பத்தவர். ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வேர்த்திலும் பின்னர் சென். தோமஸிலும் பயின்றவர். பதினெட்டுப் பயிற்சி மாணவியரும், வேதனம் பெற்றுப் பயில்வதற்கென விடுதியிலிருந்தே தெரிவுசெய்யப்பட்ட ஐம்பத்து நான்கு வறிய பெண்களும் அவருடைய பொறுப்பில் விடப்பட்டனர். வறிய பெண்களையே தாதியராக்கினால் அவர்களுக்குப் பிழைப்பும் நோயாளருக்குப் பராமரிப்பும் ஒருங்கே கிட்டும் என்பது திட்டத்தின் அழகிய பகுதி. அதுவே தோல்வியடைந்த பகுதியும் ஆயிற்று. அப்பெண்களிற் பெரும்பாலார் பயிற்சிக்கு ஒத்துவரவில்லை. முதலில் கிடைத்த சம்பளத்தோடு மதுக்கடைக்குச் சென்றோரும் உளர். இது அப்பெண்களின் குற்றமென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வாழ்நாள் முழுதும் வறுமை உருக்குலைத்தவரைச் சில மாதத்திற் புதியவராக்கலாம் என்று எண்ணிய கணக்கே பிழைத்தது.

ஏனைய பகுதியோ எதிர்பார்த்ததினும் மேலாக வெற்றியளித்தது. மூன்று ஆண்டு முடியுமுன்னரே நிர்வாக சபை இம்முறையை ஏற்று, ஊரவர் செலுத்தும் வரிப்பணத்திலிருந்தே செலவு செய்ய இசைந்தது. பெருஞ் சுமை ஆக்னஸ் ஜோன்ஸின் தலைமேல் விழுந்தது. 1868 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி, தைபஸ் சுரத்தால் தமது முப்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். அவர் இடத்தை நிரப்பத் தக்கவர் எளிதிற் கிடைக்கவில்லை. கட்டில்களையும் தாதியரையும் எண்ணிய திட்டம், தலைவி வீழ்ந்தால் அடுத்தவர் யார் என்பதை எண்ண மறந்துவிட்டது. நைற்றிங்கேல் அவ்வாண்டிலேயே அவரைப் புகழ்ந்து கட்டுரை வரைந்து, அப்பணிக்கு வருமாறு பெண்களை அறைகூவி அழைத்தார். அதற்குள் அக்காரியம் இலிவர்ப்பூலின் எல்லையைக் கடந்திருந்தது.

1864 ஆம் ஆண்டின் முடிவில் இலண்டன் ஏழையர் விடுதியொன்றில் திமொத்தி டாலி என்பவர் கவனிப்பின்றி நலிந்து மாண்ட செய்தி பத்திரிகைகளிற் பெருங் கிளர்ச்சியை மூட்டியது. நைற்றிங்கேல் அத்தருணத்தை நழுவவிடவில்லை. இலிவர்ப்பூலை எடுத்துக்காட்டி அமைச்சருக்கு எழுதினார். இலண்டன் விடுதிகளில் நோயாளர் எத்தனை, அவரைப் பேணுவோர் எத்தகையோர் என்று கேட்கும் வினாப் படிவத்தையும் வகுத்தளித்தார். நோயாளரை ஏனைய வறியோரினின்றும் பிரித்து வைத்தல், நகர் முழுவதற்கும் ஒரே நிர்வாகம், செலவுக்குப் பொது வரி என்பன அவர் கோரியவை. 1867 ஆம் ஆண்டின் இலண்டன் வறியோர் சட்டம் அவற்றை முழுமையாகத் தரவில்லை; ஒரு பகுதியைத் தந்தது.

வீட்டுத் தாதிமையும் இலண்டனை அடைந்தது. 1874 ஆம் ஆண்டில் அதற்கெனச் சங்கமொன்று அமைந்தபோது, பாராளுமன்ற உறுப்பினராகியிருந்த றாத்போன், பணி தொடங்குமுன் விசாரணை நடத்த வேண்டுமென வற்புறுத்தினார். புளோறன்ஸ் லீஸ் என்னும் தேர்ந்த தாதி நகரெங்கும் சென்று, ஏற்கனவே வீடுகளுக்குப் போய்வந்தோரின் தகுதியை ஆராய்ந்தார். தக்க பயிற்சியின்மையும், தாதி என்ற பெயரில் உணவும் பணமும் பங்கிடுவோராகவே பலர் மாறியிருந்ததும் வெளிப்பட்டன. பின்னையது இலிவர்ப்பூல் முறையிலேயே கருக்கொண்ட குறை. அதனாற் புதிய சங்கம் கடுமையான விதி வகுத்தது. தாதி தானம் கொடுப்பவள் அல்லள். உதவி வேண்டுவோரைப் பற்றி உரிய இடத்துக்கு அறிவிப்பதோடு அவள் கடமை முடியும். வைத்தியசாலைப் பயிற்சியின் மேல் வட்டாரப் பயிற்சியும் அவசியமாக்கப்பட்டது.

1887 ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழாவுக்காகப் பெண்கள் திரட்டிய காணிக்கையில் 70,000 பவுண் இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் உருவான தாதியர் நிறுவனம் 1889 இல் அரச சாசனம் பெற்று, நாடெங்கும் சிதறிக் கிடந்த சங்கங்களை ஒரே தரத்தின்கீழ்க் கொணர்ந்தது. மறு ஆண்டு றாத்போன் வட்டாரத் தாதிமையின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதினார். அவர் 1902 இல் மறைந்தார். வீட்டுக்கு வரும் தாதியை அளிப்பது உள்ளூராட்சி அதிகாரிகளின் சட்டக் கடமையாவதற்கு மேலும் நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி, பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தொடங்கிய நாளில் அது நடைமுறைக்கு வந்தது.