தொப்பியைக் கழற்றாத வாத்தியார்

காலையில் பொங்கல் வைத்து, பேரப்பிள்ளைகளோடு கரும்பு கடித்து முடித்த பிறகு எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஜனவரி 15 நமக்குப் பொங்கல் என்றால், ஆப்பிரிக்காவில் மலாவி என்ற சின்ன நாட்டுக்கு அது 'ஜான் சிலெம்ப்வே நாள்'. அரசு விடுமுறை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில்கூட (அவர்கள் குவாச்சா என்கிறார்கள்) அவர் முகத்தை அச்சடித்திருக்கிறார்கள். யார் இவர்? ஒரு பாப்டிஸ்ட் சபைப் போதகர். பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார்.

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு எடுத்தவன் நான். இந்தப் பெயரை ஒருநாள்கூட வகுப்பில் சொன்னதில்லை. சொல்லப்போனால் எனக்கே தெரியாது. 2022-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஒரு சிலை வைத்த படத்தைப் பார்த்துத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தச் சதுக்கத்தின் நாலாவது பீடத்தில் அவ்வப்போது ஒரு புதுச் சிற்பத்தை வைப்பார்கள். அந்த முறை வைத்தது மலாவியில் பிறந்த சாம்சன் கம்பாலு செய்தது. இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஜான் சோர்லி என்ற வெள்ளைக்கார மிஷனரி, சாதாரண ஆள் உயரம். இன்னொருவர் சிலெம்ப்வே, ஐந்து மீட்டர் உயரம். இருவர் தலையிலும் தொப்பி.

அந்தத் தொப்பியில்தான் விஷயம் இருக்கிறது. 1914-ல் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்த சிலை அது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் கறுப்பர் ஒருவர் வெள்ளைக்காரர் எதிரே தொப்பியோடு நிற்கக் கூடாது. பார்த்ததும் கழற்ற வேண்டும். இவர் கழற்றாமல் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தவர்களின் பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அவர் கதைக்கு வருகிறேன்.

மலாவிக்கு அன்று நியாசாலாந்து என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சி. சிலெம்ப்வே 1870களின் தொடக்கத்தில் சிராட்சுலு பகுதியில் பிறந்தவர். பிளான்டயர் ஊரில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தார். 1892-ல் ஜோசப் பூத் என்ற மிஷனரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சமையல், நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்தான்.

இந்த பூத் ஒரு வித்தியாசமான ஆள். ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கர்களுக்கே என்று 1897-லேயே புத்தகம் போட்டவர். மற்ற வெள்ளைக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அதே ஆண்டு சிலெம்ப்வேயை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போனார். அங்கே வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் ஊரில், கறுப்பின பாப்டிஸ்டுகள் நடத்திய இறையியல் கல்லூரியில் சிலெம்ப்வே சேர்ந்தார். அடிமைத்தனம் சட்டப்படி முடிந்து முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கே அவர் பைபிள் மட்டும் படிக்கவில்லை. கறுப்பர்களே முதல்வராகவும் பேராசிரியராகவும் இருந்து ஒரு கல்லூரியை நடத்த முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தார். எனக்கு அதுதான் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

போதகராக அபிஷேகம் பெற்று 1900-ல் ஊர் திரும்பினார். சிராட்சுலுவில் 93 ஏக்கர் வாங்கி 'பிராவிடன்ஸ் தொழில் மிஷன்' என்று ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்கக் கறுப்பின பாப்டிஸ்ட் சங்கம் பணம் அனுப்பியது. 1901-ல் லாண்டன் சீக் என்ற போதகரும், 1902-ல் எம்மா டிலேனி என்ற பெண் மிஷனரியும் அங்கிருந்து வந்து உதவினார்கள். சில ஆண்டுகளில் இருவரும் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு பொறுப்பு முழுக்க இவர் தலையில்.

என்ன சொல்லிக்கொடுத்தார்? எழுத்து, கணக்கு, வேதம். கூடவே செங்கல் அறுப்பது, பருத்தி, காப்பி பயிரிடுவது. அவர் மனைவி ஐடா பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். குடிக்கக் கூடாது, சுத்தமாக உடுத்த வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும் என்று கண்டிப்பு. சட்டை போட்டு, காலணி போட்டுத்தான் அவர் சபையார் வருவார்கள். தோட்ட முதலாளிகளுக்கு அது கண்ணை உறுத்தியது. 1912 வாக்கில் அவருடைய பள்ளிகளில் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அரசாங்கத்திடம் காசு வாங்காமல், வெள்ளைக்காரர் மேற்பார்வை இல்லாமல். பள்ளிக்கூடம் நடத்தியவர்களுக்குத் தெரியும், ஒரு கூரை போடுவதற்கே எத்தனை பேர் வாசலில் நிற்க வேண்டும் என்று.

பக்கத்திலேயே மகோமெரோ என்ற பெரும் தோட்டம். 1,69,000 ஏக்கர். இதன் உரிமையாளர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவைச் சுற்றியவர், அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர் என்று நாம் பாடத்தில் படித்த டேவிட் லிவிங்ஸ்டனின் பேரன்கள். மகள் ஆக்னஸின் பிள்ளைகள். வரலாறு இப்படித்தான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

அங்கே 'தங்காட்டா' என்று ஒரு முறை. உள்ளூர் மொழியில் அந்தச் சொல்லுக்கு உதவி என்று பொருள். அண்டை வீட்டுக்காரர் வயலில் நான் ஒருநாள், என் வயலில் அவர் ஒருநாள் என்று செய்துகொள்ளும் பரஸ்பர உதவி. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அந்த நல்ல சொல்லை எடுத்து, தோட்ட நிலத்தில் குடியிருப்பதற்கு வாடகையாக உழைப்பு என்று மாற்றிவிட்டார்கள். வாடகைக்கு ஒரு மாதம், குடிசை வரிக்கு ஒரு மாதம் என்று கணக்கு. நடைமுறையில் இன்னும் நீளும். அதுவும் எப்போது? மழை தொடங்கி, தன் வயலில் விதைக்க வேண்டிய நவம்பர், டிசம்பரில். நம் ஊர் வெட்டி வேலைதான். பெயர் வேறு.

1913-ல் பஞ்சம். மொசாம்பிக் பக்கமிருந்து லோம்வே மக்கள் பிழைக்க வந்து தோட்டங்களில் குடியேறினார்கள். அவர்களில் பலர் சிலெம்ப்வேயின் சபையில் சேர்ந்தார்கள். தோட்டத்துக்குள் பள்ளியோ ஜெபக்கூடமோ கட்ட அனுமதி கிடையாது. மீறிக் கட்டிய கூடங்களை மேலாளர் வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன் எரித்தார். ஆட்களை அடிப்பவர் என்றும் அவருக்குப் பெயர் உண்டு.

அடுத்து உலகப் போர். 1914 செப்டம்பரில் கரோங்காவில் ஜெர்மானியப் படையோடு சண்டை. செத்தவர்களில் உள்ளூர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பலர். சிலெம்ப்வே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் எங்களைச் சாகச் சொல்கிறீர்கள், சமாதான காலத்தில் எங்களுக்கு என்ன தந்தீர்கள், எங்கள் விதவைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்பது அதன் சாரம். நவம்பரில் அந்தக் கடிதம் வந்த இதழைத் தணிக்கை தடுத்துவிட்டது.

அவருக்கு அப்போது ஆஸ்துமா. கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. கடன். பெண் குழந்தை ஒன்று இறந்துபோயிருந்தது. இதையெல்லாம் காரணமாக அடுக்கி அவர் செய்ததைச் சின்னதாக்க நான் விரும்பவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுப் பார்த்த ஒரு மனிதர், வாயை மூடு என்ற பதிலைப் பெற்றார். அவ்வளவுதான்.

1915 ஜனவரி 23, சனிக்கிழமை இரவு. அவருடைய ஆட்கள் மகோமெரோவுக்குள் புகுந்தார்கள். மேலாளரை மனைவி எதிரிலேயே கொன்று தலையை வெட்டினார்கள். வேறு இரண்டு வெள்ளைக்காரர்களும் கொல்லப்பட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தொடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். மறுநாள் ஞாயிறு. சிலெம்ப்வே தன் கோயிலில் ஆராதனை நடத்தினார். வெட்டப்பட்ட தலை அங்கே எல்லோரும் பார்க்க வைக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் நான் பலமுறை புத்தகத்தை மூடி வைத்தேன். 900 பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை. அதே கூடத்தில் அந்தத் தலை. நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மறைத்துவிட்டு அவரைப் புகழவும் மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொன்னால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எதிர்பார்த்தபடி மக்கள் எழவில்லை. பிளான்டயரில் ஆயுதக் கிடங்கைத் தாக்கியும் சில துப்பாக்கிகள்தான் கிடைத்தன. 26-ஆம் தேதி நுகுலுடி கத்தோலிக்க மிஷனை எரித்தார்கள். அங்கே ஒரு பாதிரியார் படுகாயம் அடைந்தார். அதே நாளில் அரசுப் படை சிலெம்ப்வேயின் மிஷனைப் பிடித்தது. பிறகு, அவர் பார்த்துப் பார்த்துக் கட்டி 1913-ல் முடித்த செங்கல் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி மொசாம்பிக் எல்லை அருகே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஆட்களில் ஏறக்குறைய நாற்பது பேருக்கு மரண தண்டனை. சுமார் முந்நூறு பேருக்குச் சிறை. ஐடா அம்மா 1918 விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. மகோமெரோவில் நடந்த கொடுமைகளை அதுவும் ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளைக்காரர் மேற்பார்வை இல்லாத சபைகள், அங்கே படிக்கக் கொடுத்த எழுத்துகள் என்று அவற்றின் மீதும் பழியைப் போட்டது. பள்ளிகள் மேல் கண்காணிப்பு இறுகியது. தங்காட்டாவோ 1960கள் வரை உயிரோடு இருந்தது. எதைக் கண்டு பயந்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

மிஷனின் தொடக்க நாட்களில் எம்மா டிலேனி வீட்டில் வேலை செய்துகொண்டே படித்த ஒரு பையன் இருந்தான். பெயர் டேனியல் மலெகெபு. அந்த அம்மா அமெரிக்கா திரும்பியபோது, இவனும் எப்படியோ பின்னாலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டான். படித்தான். 1917-ல் மெஹரி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினான். ஊர் திரும்ப முயன்றபோது உள்ளே விடவில்லை. 1926-ல்தான் அனுமதி கிடைத்தது. டாக்டர் மலெகெபு தன் மனைவி ஃபுளோராவோடு வந்து, இடிந்து கிடந்த அதே இடத்தில் மிஷனைத் திறந்தார். பள்ளி, மருத்துவமனை, கோயில் எல்லாம் திரும்ப எழுந்தன. 1964-ல் நாடு விடுதலை அடைந்ததையும் அவர் கண்ணால் பார்த்தார்.

நண்பர்களே, மூன்று நாள் கலவரத்தை வைத்துத்தான் சிலெம்ப்வேயை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ரூபாய் நோட்டு, சிலை, விடுமுறை எல்லாம் அதற்குத்தான். அதற்கு முன் பதினான்கு வருடம் அவர் கரும்பலகை முன்னால் நின்றதைப் பற்றி இரண்டு வரி இருக்கும். அரசுக்கு மட்டும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஆளைச் சுட்டது போதாமல் கட்டடத்தையும் வெடிவைத்தது. அப்படியும் அந்தப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை வெளியே மிச்சம் இருந்தது. ஒன்று போதும் போலிருக்கிறது.

பணியில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் இதை வாசித்தால், ஆப்பிரிக்க வரலாறு எடுக்கும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இவர் பெயரைச் சொல்லுங்கள். தொப்பியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.