திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் பக்தாத் மாரிஸ்தானும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் சோழ மன்னன் வீரராசேந்திரனின் (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. 1915இல் படியெடுக்கப்பட்ட இதனை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா'வின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கி.பி. 1069ஐ ஒட்டிய இச்சாசனத்தின் பெரும்பகுதி கோயிலின் வழிபாட்டுச் செலவுகளையும் அங்கு நடைபெற்ற கல்லூரியையும் பற்றியது. ஒரு பகுதி மட்டும் ஒரு மருத்துவமனையின் வரவு செலவுத் திட்டமாகும். நமது கவனத்திற்குரியது அதுவே.

அம்மருத்துவமனையின் பெயர் 'வீரசோழன்'. அக்காலத் தமிழில் மருத்துவமனையை ஆதுலர்சாலை என்றனர். ஆதுலர் என்போர் பிணியுற்றோர். தஞ்சையிலும் குந்தவைப் பிராட்டியார் ஓர் ஆதுலர்சாலைக்கு அறக்கொடை வைத்திருந்தார். ஆயினும் ஒவ்வொரு செலவினத்தையும் நாழிக் கணக்கில் எழுதி வைத்த சாசனம் என்ற வகையில் திருமுக்கூடல் தனித்து நிற்கின்றது.

படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர்; ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என அவர் பெயரே கல்லில் உள்ளது. அவருக்கு நாளொன்றுக்கு நெல் 3 குறுணி. ஆண்டுக்கு 90 கலம். அதற்குமேல் 8 காசு. அறுவை செய்வோன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 1 குறுணி. ஆண்டுக்கு 30 கலம். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து ஆக்கத் துணைபுரியும் இருவருக்கு 60 கலம். நோயாளிகளைக் கவனித்து மருந்து காய்ச்சும் பெண்கள் இருவருக்கு ஆளுக்கு நாள்தோறும் 4 நாழி. ஆக 30 கலம். நாவிதனுக்கு 15 கலம். இவ்வூதியங்களைக் கூட்டினால் 225 கலம் வருகின்றது. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. 15 பேருக்கும் ஆண்டு முழுவதும் 5,400 நாழி, அதாவது 56 கலத்துக்குச் சற்று மேல். இரவில் ஒரு விளக்கு எரிய வேண்டும். அதற்கு இரவொன்றுக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய். ஆண்டுக்கு 45 நாழி. விலை இரண்டேகால் காசு.

எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற வாய்பாட்டை வைத்துக்கொண்டு இத்தொகைகளைச் சரிபார்த்தேன். எல்லாம் 360 நாளுக்கு மிகச் சரியாகப் பொருந்துகின்றன. விளக்கெண்ணெய்க் கணக்கிலும் பிசகு இல்லை. எழுதியவர் கணக்கறிந்தவர் என்பதோடு, பின்னால் வருபவர் சரிபார்ப்பார் என்று எதிர்பார்த்தவர் என்றும் எனக்குப் படுகின்றது.

மருந்துகளும் அவ்வாறே. வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, கண்டீரம், மண்டூர வடகம், கல்யாணக லவணம், வஜ்ரகல்பம் என்று ஏறத்தாழ இருபது மருந்துகள் ஓராண்டு இருப்பில் வைக்க வேண்டியவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. நோயாளி வந்தபின் மருந்து தேடும் நிலை வரலாகாது என்பதே இதன் கருத்து. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டபின், அரசு மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக் வழங்கி, அதில் குறித்த தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து பெறும் முறையைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பாஸ்புக்கைப் பார்த்தவர்களுக்குத் திருமுக்கூடல் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இக்கோயிலுக்கு உரிமையாக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு மூவாயிரம் கலத்துக்கு மேற்பட்ட நெல்லும் இருநூறு காசுக்கு மேற்பட்ட பொன்னும் அதிலிருந்து வந்தன. கோயில், கல்லூரி, விடுதி, மருத்துவமனை அனைத்தும் இதற்குள் அடங்கின. இவை நடைபெற்ற சனநாதன் மண்டபத்தைக் கட்டியவன் மாதவன் தாமயன் என்னும் வைசியன். மண்டபம் ஒருவனது கொடை. அதை நடத்தும் வருவாய் ஓர் ஊரின் நிலம். இவ்விரண்டையும் பிரித்தறிவது இக்கட்டுரைக்கு முக்கியம்.

மிகைப்படுத்தவும் கூடாது. இந்த ஆதுலர்சாலை பொதுமக்கள் யாவருக்கும் திறந்திருந்தது என்று சிலர் எழுதுகின்றனர். சாசனம் அவ்வாறு கூறவில்லை. கல்லூரியின் வேத, இலக்கண மாணவர்களுக்காகவும் கோயிற் பணியாளர்களுக்காகவும் ஏற்பட்டது அது. வயலைக்காவூரில் ஏர் பிடித்தவன் காய்ச்சலில் விழுந்தால் அவனுக்கு அந்தப் பதினைந்தில் ஒன்று கிடைத்திருக்கும் என்பதற்குச் சான்றில்லை. நம்மவர் வரலாற்றிலும் இத்தகைய வரம்புகள் இல்லாமலில்லை. கி.பி. 870களில் அஹ்மத் இப்னு தூலூன் மிஸ்ரில் நிறுவிய மாரிஸ்தானில் படைவீரருக்கும் அடிமைகளுக்கும் சிகிச்சை கூடாது என நிபந்தனை விதித்தார் என மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். பொதுமக்களுக்கான படுக்கைகளைப் படையினர் பிடித்துக்கொள்வர் என்ற அச்சம் காரணமாயிருக்கலாம். அடிமை விஷயத்தில் அந்தச் சமாதானமும் செல்லாது.

இனி பக்தாத். திருமுக்கூடலுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா முக்ததிரின் அமைச்சராயிருந்தவர் அலீ இப்னு ஈஸா. மருத்துவமனைகளின் தலைமை ஹர்ரானின் ஸாபியீ குடும்பத்தில் பிறந்த மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்திடம் இருந்தது. இவ்விருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஸினானின் மகன் ஸாபித் பதிந்து வைத்தார். இப்னு அபீ உஸைபிஆ தமது மருத்துவர் வரலாற்று நூலில் அதனைக் காத்துத் தந்துள்ளார். கிராமப்புற மருத்துவம் பற்றிப் பேசும் எவரும் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. ஸவாத் பகுதியின் சிற்றூர்களில் மருத்துவர் இல்லாமல் நோயாளிகள் இருப்பரே என்று கவலையுற்ற அமைச்சர், மருந்துப் பேழையுடன் மருத்துவர்களை ஊர் ஊராக அனுப்புமாறு பணித்தார். வழியில் பெரும்பாலும் யூதர் வாழும் ஊர்கள் வந்தபோது அவர்களுக்கும் சிகிச்சை செய்யலாமா என ஸினான் வினவினார். திம்மீகளுக்கும், ஏன், கால்நடைகளுக்கும்கூடச் செய்ய வேண்டியதே என்று விடை வந்தது. முஸ்லிம்களுக்கு முன்னுரிமை என்ற வரிசையும் அதில் உண்டு.

அதே நூலில் நிதி பற்றிய செய்தி இரண்டு உள்ளன. ஹிஜ்ரி 306இல் கலீஃபாவின் அன்னையார் பெயரால் ஸூக் யஹ்யாவில் திறக்கப்பட்ட மாரிஸ்தானுக்கு மாதச் செலவு 600 தீனார். அதே காலத்தில் பாபுஷ்ஷாமில் அமைந்த முக்ததிரீ மாரிஸ்தானுக்கு மாதம் 200 தீனார். முன்னதன் பணம் யூசுஃப் இப்னு யஹ்யா என்னும் வானவியலாரின் கையால் செலவிடப்பட்டது. ஸினான் மாரிஸ்தானின் செலவுகளில் தலையிடுவதில்லை என்ற குறிப்பும் உடன் வருகின்றது. நாட்டின் தலைமை மருத்துவர் பணப்பையைத் தொடவில்லை! மருத்துவம் பார்ப்பவரும் பணம் செலவிடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தனர்.

இரண்டாவது செய்தி கசப்பானது. முகர்ரிம் பகுதியில் பத்ருல் முஃததிதீ மாரிஸ்தான் என ஒன்றிருந்தது. கலீஃபா முதவக்கிலின் அன்னையார் ஷுஜா விட்டுச் சென்ற வக்ஃபிலிருந்து அதற்கு வருவாய். அந்த வக்ஃபின் பலனில் ஒரு பங்கு பனூ ஹாஷிம் குலத்தாருக்கு, மற்றொரு பங்கு மாரிஸ்தானுக்கு. நிர்வாகியாயிருந்தவர் அபுஸ்ஸக்ர் கல்வாதானீ. அவர் பனூ ஹாஷிமின் பங்கை உரிய காலத்தில் கொடுத்துவிட்டு, மாரிஸ்தானின் பங்கை இழுத்தடித்தார். கரியில்லை, உணவு போதவில்லை, போர்வையில்லை என்று ஸினான் அமைச்சருக்கு எழுதினார். அலீ இப்னு ஈஸா நிர்வாகியைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் விடுத்தார். அங்கே கிடப்பவர்கள் இயலாதவர்கள், ஆகவே எல்லோருக்கும் முன்னால் கொடுக்கப்பட வேண்டியவர்கள் அவர்களே என்பது அதன் சாரம்.

கல்வாதானீ திருடினார் என்று நூல் சொல்லவில்லை. அவர் வரிசையை மாற்றினார், அவ்வளவே. பனூ ஹாஷிம் கலீஃபாவின் உறவினர். பங்கு தாமதித்தால் வாயிலில் வந்து நிற்பர். கட்டிலில் கிடப்பவன் வரமாட்டான். எந்தச் செலவை ஒத்திப் போட்டால் எதிர்ப்பு வராதோ அதையே நிர்வாகி ஒத்திப் போடுகின்றார்.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் 1990களில் ஒரு ஜமாஅத் தர்ம வைத்தியசாலை தொடங்கியது. இரண்டு அறை, வாசலில் கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல், மாலையில் வந்து போக ஒரு மருத்துவர். நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். முதலாண்டு ஜும்ஆ வசூல் தாராளமாக வந்தது. அடுத்த ஆண்டு ரமழானில் மட்டும் வந்தது. ஜமாஅத்தின் கடை வாடகையிலிருந்து ஈடு செய்வதாகத் தீர்மானம் எழுதினோம். வாடகை வந்த மாதங்களில் முதலில் கந்தூரிப் பாக்கி, பிறகு பந்தல்காரர், பிறகு மின்கட்டணம். மருத்துவருக்கு மூன்று மாதம் ஊதியமில்லை. அவர் ஒன்றும் கேட்காமலே நின்றுவிட்டார். இன்று அந்த அறைகளில் விருந்துத் தேக்சாக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பைசாவும் களவு போகவில்லை. கணக்கு நேரானதுதான்.

அக்காலத்தில் நான் வகுப்பில் 'ஹிதாயா'வின் வக்ஃபுப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அந்தச் சொத்தின் பராமரிப்பே. வாகிஃப் அதனைக் கூறியிருந்தாலும் கூறாவிட்டாலும் அதுவே சட்டம் என்று மாணவர்க்கு விளக்குவேன். உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அசலை நிறுத்தி வைத்துப் பலனைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியையும், பொறுப்பாளர் நியாயமான அளவு உண்ணலாம் என்ற அனுமதியையும் சொல்லுவேன். எங்கள் வைத்தியசாலைக்கு 'அசல்' எதுவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பளிங்குக் கல் இருந்தது, வயலைக்காவூர் இல்லை.

அசல் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையே பார்க்கலாம். முதலாம் பராந்தகனின் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறைக்காக எல்லாரும் அவற்றைப் புகழ்கின்றனர். அவற்றில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்த வாரியத்தாருக்குப் பதவிக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுமுறை வர இயலாது. அவர் மட்டுமன்று, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், உடன்பிறந்தார், மாமனார் என்று உறவு முழுவதும் விலக்கப்படுகின்றது. கடுமைதான். ஆனால் ஒரு சிற்றூரில் கணக்குக் கேட்பதற்குத் தடையாக நிற்பது உறவுதானே? யார் முகத்தை முறிப்பது என்ற தயக்கத்தில்தான் நமது மஹல்லாக் கூட்டங்கள் 'கணக்கு ஏற்கப்பட்டது' என்று முடிகின்றன. 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமும் முத்தவல்லி ஆண்டுதோறும் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டுமென்கின்றது. அது வாரியத்துக்குப் போகும் கணக்கு. மஹல்லா மக்களின் கண்ணில் படும் கணக்கு வேறு.

திமிஷ்கில் நூருத்தீன் ஸங்கீ 1154இல் நிறுவிய மாரிஸ்தானை 1184இல் கண்ட அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், நாள்தோறும் ஏறத்தாழ 15 தீனார் செலவாவதாக எழுதுகின்றார். வழிப்போக்கரான ஒருவருக்கு அத்தொகை தெரிந்திருந்தது. நோயாளிகளின் பெயர்களையும் அவர்களுக்குத் தேவையான மருந்து, உணவுச் செலவுகளையும் குறித்த பதிவேடுகள் பொறுப்பாளர் கைகளில் இருந்ததையும் அவர் கண்டு எழுதியுள்ளார்.

எங்கள் ஜமாஅத்தில் அந்த இரண்டு அறைகளை மீண்டும் திறக்கலாமா என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. வெளிநாட்டிலுள்ள இளைஞர்கள் கருவிகள் வாங்கித் தர முன்வந்திருக்கின்றனர். ஸ்கேன் கருவி பற்றிக்கூடப் பேசுகின்றனர். என் கருத்தைக் கேட்டார்கள். கருவி பின்னர் வரட்டும் என்றேன். கடைத்தெருவிலுள்ள மூன்று கடைகளின் வாடகை இதற்கென்றே தனி வங்கிக் கணக்கில் சேர வேண்டும். மருத்துவர் ஊதியமும் மருந்தும் கொடுத்த பின்னரே அதிலிருந்து வேறெதுவும் எடுக்கலாம். பணம் கொடுப்பவர் மருத்துவராகவோ முத்தவல்லியாகவோ இருத்தல் கூடாது. மாதக் கணக்கு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இந்நான்கையும் எழுதிக் கொடுத்துள்ளேன். முதல் மூன்றுக்கும் குழு இசைந்துவிட்டது. நான்காவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று வைத்திருக்கிறார்கள்.