உப்பும் 23 வினாடியும்

1930 ஜனவரி கடைசியில் காந்தி அரசுக்கு 11 கோரிக்கைகளை முன்வைத்தார். நிலவரியைப் பாதியாக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ரூபாயின் மாற்று மதிப்பை 18 பென்ஸிலிருந்து 16 பென்ஸுக்கு இறக்க வேண்டும் என்பது மற்றொன்று. உப்பு வரி நீங்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. வருமானத்தை வைத்துப் பார்த்தால் நிலவரிக்கு முன் உப்பு வரி சிறியது. ரூபாயின் மதிப்பு உயர்ந்திருந்ததால் ஏற்றுமதியாகும் விளைச்சலுக்கு விவசாயி பெறும் விலையும் குறைந்தது. அதையும் ஒரு மறைமுக வரி என்றே சொல்லலாம். இருந்தும் போராட்டத்துக்கு அவர் உப்பைத்தான் எடுத்தார். நேரு உட்படப் பலர் முதலில் குழம்பினார்கள். வைஸ்ராய் இர்வினோ, உப்புப் போராட்டத்தை நினைத்துத் தமக்குத் தூக்கம் கெடவில்லை என்று லண்டனுக்கு எழுதினார். பாமர மக்களுக்கு வரி என்றால் என்ன என்று இந்த நாட்டில் நடந்த ஆகச் சிறந்த பாடம் அதுதான் என்பது என் கட்சி.

உப்பு வரி ஒருகாலத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கடத்தல் உப்பைத் தடுக்க வட இந்தியாவின் குறுக்கே 2,300 மைலுக்கு மேல் ஒரு சுங்கக் கோடு ஓடியது. அதில் பெரும்பகுதி முள்வேலி. காவலுக்குச் சுமார் 12,000 பேர். (அந்தச் சுங்க இலாகாவுக்குச் சில காலம் தலைமை வகித்தவர் ஏ. ஓ. ஹியூம். பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவரும் அவரே!) 1879-ல் அந்தக் கோடு கைவிடப்பட்டது. அதன் பிறகு வரி உப்பளத்திலேயே வசூலாகி, கடை விலைக்குள் கரைந்துவிட்டது. 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலேயே தஞ்சாவூர் சாமிநாத ஐயர் இதைக் கண்டித்துப் பேசினார். அடுத்த 45 ஆண்டும் தீர்மானங்களும் சட்டசபைப் பேச்சுகளும் தொடர்ந்தன. படித்தவர்களுக்குள் நடந்த அந்த வாதம் உப்பு வாங்குகிறவர் காதுக்கு எட்டவே இல்லை.

காந்தி 1930 மார்ச் 2-ம் தேதி இர்வினுக்கு எழுதிய கடிதம் இதை மாற்றியது. வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளுக்கு 700 ரூபாய். சராசரி இந்தியரின் வருமானம் நாளுக்கு 2 அணாவுக்கும் குறைவு என்று அதில் கணக்குக் காட்டினார். ஏழை பணக்காரனைவிட அதிகம் உப்பு தின்கிறான் என்றும் எழுதினார். அந்தக் கணக்கை நாமே கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். 82 ராத்தல் கொண்ட மணங்குக்கு அப்போது வரி 1 ரூபாய் 4 அணா. ஒருவர் ஆண்டுக்கு 12 ராத்தல் உப்பு தின்றால் வரி சுமார் 3 அணா. 2 அணா வருமானக்காரருக்கு அது ஒன்றரை நாள் பிழைப்பு. வைஸ்ராய்க்கு? 700 ரூபாய் என்பது 11,200 அணா. அதில் 3 அணாவைச் சம்பாதிக்க அவருக்கு வேண்டியது 23 வினாடி. அணாவாகச் சொன்னால் இருவருக்கும் ஒரே வரி. நேரமாகச் சொன்னால்தான் அதன் சுயரூபம் தெரிகிறது. வரியை விளக்க வருகிறவர்கள் சதவீதத்தில் தொடங்காமல், கேட்பவரின் ஒரு நாள் கூலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டுக்கு 3 அணாவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், எளிமை என்ற பெயரில் பூதாகரமாக்கவில்லையா என்று கேட்கலாம். தொகை சிறிதுதான். ஆனால் 1923-ல் இந்த வரியை இரண்டரை ரூபாயாக இரட்டிப்பாக்கிய அரசு, எதிர்ப்பைக் கண்டு மறு ஆண்டே பழைய விகிதத்துக்குத் திரும்பியது. சுமை அவ்வளவு லேசாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அதே 1930 போராட்டத்தில் உப்பெடுக்க ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று எச்சரித்தார். வழியெங்கும் ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். புரியாத ஒன்றுக்காக யாரும் அந்த ஆபத்தை ஏற்கமாட்டார்கள். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: இவ்வளவு புரிந்தும் வரி போகவில்லையே? உண்மைதான். 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்க்காரர்கள் சொந்த உபயோகத்துக்கும் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுக்க மட்டுமே விட்டது. மக்களுக்குப் புரியவைப்பது ஒரு வேலை, ஆட்சியிலிருப்பவரைப் பணியவைப்பது வேறு வேலை. உப்பு வரி 1947-ல், இடைக்கால அரசின் பட்ஜெட்டில்தான் ஒழிந்தது. அதே 11 கோரிக்கைகளில் இருந்த, யாருக்கும் கையில் எடுத்துக் காட்ட முடியாத அந்த 18 பென்ஸ் விகிதமோ, சுதந்திரத்துக்குப் பிறகும் 1966 ஜூன் வரை அப்படியே நீடித்தது.